அடியிலை

செப்டம்பர் வந்தாலே எனக்கு எரிச்சல்தான். வேலியோரம், பள்ளத்தோரம், ரயில் பாதையோரம் என்று எங்கே பார்த்தாலும் காட்டு ஆஸ்டர் பூத்துக் கிடக்கும். எல்லாம் ஒரே ஊதா, நடுவில் ஒரே மஞ்சள். பூவை மட்டும் பார்த்து எது என்ன வகை என்று சொல்ல இந்த ஏரிக்கரையில் ஒருவராலும் முடியாது. தண்டின் அடியில் இருக்கிற இலையைப் பார்க்க வேண்டும். அதுவோ பாதிச் செடிகளில் பூ விரியும் முன்பே காய்ந்து உதிர்ந்துவிடும். செடிக்கே என்மேல் ஏதோ பழைய பகை என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வருடம் அப்படி அலுத்துக்கொண்டு விட்டுவிட முடியவில்லை. எங்கள் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தின் மூலையில் ஜல்லி கொட்டிக் கார் நிறுத்தப் போகிறார்கள். அறுவடை விருந்துக்கு வருகிற கூட்டத்துக்கு இடம் போதவில்லையாம். அந்த மூலையில் இருப்பது எங்கள் பக்கம் அபூர்வமாகத் தென்படும் வான நீல ஆஸ்டர் என்று எனக்குச் சந்தேகம். தேவாலயக் குழுத் தலைவர் லாயலிடம் போய்ச் சொன்னேன்.

“களைன்னா ஜல்லி, வின்,” என்றார். “அபூர்வம்னா, படிச்சவங்க யாராவது ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லட்டும். திங்கக்கிழமை லாரி வருது. உன் பேச்சைக் கேட்டு லாரி நிக்காது.”

பல்கலைக்கழகத்தில் இருக்கும் தாவரவியல்காரி ஃபெர்ரிஸுக்குப் படங்கள் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“பூ அழகா இருக்குங்க. அதை வெச்சு நான் என்ன பண்றது? அடியிலை எங்க?”

தலையில் அடித்துக்கொண்டேன். ஊரில் எல்லோரையும் போல நானும் பூவைத்தான் படம் எடுத்திருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் முழுக்க அந்த மூலையில் முட்டி போட்டுத் தவழ்ந்தேன். மான் மேய்ந்தது போக மிச்சம் காய்ந்து கிடந்தது. கடைசியில் ஒரு பழைய கல்லறைக் கல்லின் நிழலில் ஒரே ஒரு செடி, பச்சை அடியிலையோடு நின்றது. அதற்குள் வெளிச்சம் போய்விட்டது. அபூர்வச் செடியில் ஓர் இலையைக்கூடக் கிள்ளக் கூடாது என்பது எங்களைப் போன்ற பூப் பைத்தியங்களின் கொள்கை. காலையில் வந்து படம் எடுத்துக்கொள்ளலாம் என்று திரும்பினேன். கொள்கையாம், கொள்கை!

காலையில் அங்கே செடியின் அடிக்கட்டைதான் இருந்தது. சாய்வாக, சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. யார் கை என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. என் கணவரின் தங்கை ரோவீனாதான் பீடத்துக்குப் பூ வைக்கிறவள்.

உள்ளே ஓடினேன். ஜாடி நிறைய ஆஸ்டர், தண்டெல்லாம் மொட்டையாக.

“ரோவீனா! இதோட அடியிலை எங்கடீ?”

“உருவிட்டேன். தண்ணிக்குள்ள இலை கிடந்தா அழுகி நாறாதா? ஏன், பூ நல்லாயில்லையா?”

“ரொம்ப நல்லாருக்கு! உன் கையில கத்தரிக்கோலைக் குடுத்தது யாருன்னு மட்டும் சொல்லு!”

“சர்ச்சுக்குள்ள நின்னு கத்தாத, வின். சமையலறை வாளியில போட்டேன்.”

வாளிக்குள் போன வாரத்துக் காபிச் சக்கையும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு முழங்கை வரை கையை விட்டேன். அந்தப் பக்கம் எல்லோரும் முதல் பாட்டைப் பாடிக்கொண்டிருக்க, நான் இங்கே சாமந்தி இலையையும் டேலியா இலையையும் வாரி வெளியே போட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் கிடைத்தது. அடிப்பக்கம் இதய வடிவம், ஓரத்தில் பல் இல்லை, விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. கழுவித் துடைத்துப் படம் அனுப்பினேன்.

“அதேதான்!” என்று ஃபெர்ரிஸ் போனில் கத்தினாள். “வெட்டினா பரவாயில்லை, வேர் இருந்தா அடுத்த வருஷம் தளிர்க்கும். வியாழக்கிழமை நேர்ல வரேன். அதுவரைக்கும் அந்த மூலையை யாரும் தொடாம பாத்துக்கங்க.”

ஃபெர்ரிஸ் சொன்னதைச் சொல்லி லாயலை மூலைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரோவீனாவும் பின்னாலேயே வந்தாள். அவர் கட்டையைக் குனிந்து பார்த்தார்.

“எங்க உன் அபூர்வம்?”

“உள்ள, பீடத்து மேல இருக்கு. வேர் இங்க இருக்கு.”

“கவலைப்படாத. பீடத்து மேல நாங்க ஜல்லி கொட்ட மாட்டோம்.”

அவர் போய்விட்டார். எனக்கு அழுகையாக வந்தது. ரோவீனா கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்க்கவும் எனக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை லாரிச் சத்தம் கேட்டு ஓடினேன். மூலையின் நடுவில் ரோவீனாவின் பெரிய நீலக் கார் நின்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். லாயல் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“என்ன ரோவீனா இது?”

அவள் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். “கார் நிறுத்துற இடம்னு நீங்கதான சொன்னீங்க? நிறுத்திட்டேன். வியாழக்கிழமை எடுக்கறேன்.”

டிரைவர் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு லாரியைத் திருப்பிக்கொண்டு போனார். நேற்று அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று நினைத்தேனே என்று அவளைக் கட்டிக்கொள்ளப் போனேன். அப்போதுதான் முன் சக்கரம் கண்ணில் பட்டது.

“ரோவீனா,” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு, “கொஞ்சம் பின்னால எடுடீ. அது மேலயே நிக்கிற.”