சின்ன ஜாடி

அக்காவுக்குக் காலையிலிருந்தே கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. அன்னாசியை நறுக்கினாள், கத்தியைப் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்து ஆரஞ்சைப் பிழிந்தாள், மறுபடி ஜன்னல். தோட்டத்தில் அவள் கணவர் கரியடுப்பைப் பற்றவைக்கிறேன் பேர்வழி என்று பக்கத்து வீடு வரைக்கும் புகை அனுப்பிக்கொண்டிருந்தார். குடும்பம் கூடினால் பழரசம் அவள் கைதான். திராட்சைச் சாறு, அன்னாசி, ஆரஞ்சு, மேலே மிதக்கும் ஆப்பிள் துண்டுகள், கை கூசாமல் ஊற்றும் சர்க்கரைப் பாகு. உதடு ஒட்டுகிற அளவுக்கு இனித்தால்தான் பழரசம் என்று வாய் கிழியப் பேசியதும் அவளேதான். இன்று அதை நினைத்தால் எரிச்சலாக வந்தது.

இந்த முறை இரண்டு ஜாடி. பெரியது எல்லாருக்கும். சின்னது தம்பிக்கு மட்டும்: நிறத்துக்குக் கொஞ்சம் திராட்சைச் சாறு, மீதியெல்லாம் எலுமிச்சைத் தண்ணீர், பார்வைக்கு அதே ஆப்பிள் துண்டுகள். பாகு ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. அது அவளுக்கும் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் அடிப்பது அவள் வேலை. பத்து நாளைக்கு முன் தம்பியின் ரிப்போர்ட்டை அவள் விரலே அடித்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை முந்நூற்று எண்பது. கிடங்கில் மூட்டை ஏற்றும் வண்டி ஓட்டுகிறவன், தடிமாடு மாதிரி இருக்கிறவன், அவள் முன்னால் நின்று கண் கலங்கினான்.

"என் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிடாதக்கா. அவங்க அப்பாவுக்குக் காலை எடுத்ததே இந்த வியாதியாலதான். கேட்டா உடைஞ்சு போயிடுவா. மாத்திரை ஆரம்பிச்சுட்டேன். நேரம் பாத்து நானே சொல்லிக்கிறேன்."

தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். அவளும் செய்து கொடுத்துத் தொலைத்தாள். ஆனால் முதல் கிளாஸ் எப்போதும் அவனுடையது. பதினாறு வயதில் பந்தயம் கட்டி ஒரே மூச்சில் குடித்தான். அன்றிலிருந்து பெரிய கிளாஸை அவன் கவிழ்த்து முடிக்கும்வரை மொத்தக் குடும்பமும் கூடி நின்று எண்ணும். வேண்டாம் என்றால் அவன் மனைவி அந்த நிமிஷமே தோண்டித் துருவிவிடுவாள்.

காது மந்தமான சித்தப்பா வந்து இறங்கியபோதுதான் அக்கா சமையலறையை விட்டுப் போனாள். ஐந்து நிமிஷம் இருக்கும். அவரைக் கைத்தாங்கலாகத் தோட்டத்துக்கு நடத்தி, அடுப்பைப் பார்க்க நாற்காலியில் உட்காரவைத்து நிமிர்ந்தால், தம்பி கையில் கிளாஸ். சின்ன ஜாடி தோட்டத்து மேசைமேல் காலியாக இருந்தது. அவளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுத் தலையைச் சாய்த்தான். "ஒண்ணு!" என்று எல்லாரும் ஆரம்பித்தார்கள்.

தம்பி மனைவி கரண்டியும் கையுமாக வந்து காதருகே குனிந்தாள். "அண்ணி, சின்ன ஜாடில பாகு ஊத்த மறந்துட்டீங்க. நல்லவேளை நான் ருசி பாத்தேன். தாராளமாவே நாலு கரண்டி ஊத்திட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன், போங்க." சிரித்துவிட்டு, "ரெண்டு!" என்று எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினாள்.

கிளாஸ் விளிம்புக்கு மேலே தம்பியின் கண் விரிந்து அக்காவைத் தேடியது. அவனுக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்துவான் என்று நினைத்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குடித்துக்கொண்டே இருந்தான், படுபாவி. மூன்று. நான்கு. சத்தியமாவது மண்ணாவது.

"கீழ வைடா!" பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "முந்நூத்தி எண்பது சர்க்கரைய வச்சுக்கிட்டு குடிக்கிற குடியா இது?"

பழரசம் அவன் சட்டையில் சிந்தியது. எண்ணிக்கை நான்கோடு அறுந்தது. தம்பி கிளாஸைப் பார்த்தான், மனைவியைப் பார்க்கவில்லை. அவள் உதடு அடுத்த எண்ணுக்காகத் திறந்தபடியே நின்றிருந்தது. கையிலிருந்த கரண்டி மெல்லச் சாய்ந்தது. அதன் நுனியில் திரண்ட பாகு நூலாக இறங்கி அவள் பாதத்தில் விழுந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்த சித்தப்பா மட்டும் தொடையில் தாளம் போட்டபடி, "ஏழு... எட்டு..." என்று உற்சாகமாக எண்ணிக்கொண்டிருந்தார்.