நாலு வரிக்கு நாற்பது நிமிடம்

"நானா, எப்பங்க முடியும்?"

"எது?"

"நீங்க என் பேருக்கு அந்த 'மா'வைத் தேடி முடிக்கிறது."

யாகூப் நானா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி மார்ஜரியைப் பார்த்தார். பிறகு மறுபடி கீபோர்டுக்குள் முகத்தைப் புதைத்தார். மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் முப்பத்தொரு வருடமாகக் கடிதம் அடித்துக் கொடுக்கிற மனிதர். ஆட்கள் வாயை மூடுமுன் தாளை நீட்டிவிடுவார் என்று பேர். இப்போது கோழி தீனி பொறுக்குவது போல ஒற்றை விரலால் கொத்திக்கொண்டிருந்தார்.

"முந்தி நீங்க இப்பிடி இல்லையே? மெஷின் மாதிரி அடிப்பீங்களே."

"அது பழைய கீபோர்ட் தங்கச்சி. விரலுக்கு வழி தெரியும். இது புது முறை. எல்லா எழுத்தும் வீடு மாறிப் போயிருக்கு."

"அப்ப பழசுலயே அடிங்களேன்!"

"பழசு இல்ல." போட்டோ கொப்பி மெஷினுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி ஸைனம்பு சொன்னாள். "நாலு நாளைக்கு முந்தி, கம்ப்யூட்டர் திருத்துற நப்லானைக் கூப்பிட்டு, நான்தான் கழட்டச் சொன்னேன்."

"ஏன் அக்கா இந்த அநியாயம்?"

"சிகரட்டை விடணும்னு சொல்லிக்கிட்டுப் பெட்டியை மேசையில வெச்சிருந்தா விட ஏலுமா?"

அவள் செய்ததில் நியாயம் இருந்தது. அரசாங்கக் கந்தோர்கள் எல்லாம் இப்போது கோரிக்கைகளை வெப்சைட்டில் கேட்கின்றன. பழைய முறையில் அடித்த தமிழ், இந்தக் கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரிந்தாலும், அங்கே போய்த் திறந்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷ் எழுத்தாகக் கிடந்தது. மாற்றித் தருகிற வழி ஒன்றையும் நானா பார்த்தார். அதில் காலும் கொம்பும் இடம் மாறி விழுந்தன. முழுக் கடிதத்தையும் புது முறையில் அடித்தால்தான் ஆயிற்று.

மார்ஜரிக்கோ நேரம் இல்லை. உக்குவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மடுவத்தில் அவளுக்கு வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறும் காலை ஆறு இருபது பஸ், முன்பெல்லாம் தோட்டத்து வாசலில் அந்தோனியார் சிலை வைத்த கெபி இருக்கிற சந்தியில் நிற்கும். போன வருடத்திலிருந்து நிற்காமல், அரை மைல் கீழே போய் நிற்கிறது. பஸ் நிறுத்தங்களைத் தீர்மானிக்கிற கந்தோர், மக்கள் சொல்வதற்காக வெப்சைட்டில் ஒரு பெட்டி திறந்து வைத்திருந்தது. அது இன்று பன்னிரண்டு மணிக்கு மூடும். மூடினால் இன்னும் இரண்டு வருடத்துக்கு யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

சுவர் மணிக்கூட்டில் பதினொன்று பதினேழு.

"பதறாதீங்க. சொல்லுங்க, மேல என்ன போட?"

மார்ஜரி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "மாட்சிமை பொருந்திய பெருமதிப்புக்குரிய ஐயா அவர்களின் பாதம் பணிந்து..."

நானா இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"மாட்சிமைக்கு மட்டும் நாலு நிமிஷம் போகும். 'ஐயா' போதும்."

"மொட்டையாவா? கோவிச்சுக்க மாட்டாரா?"

"பெட்டி மூடினா கோவிச்சுக்கவும் ஆள் இருக்காது."

'ஐயா' விழுந்தது. அடுத்து பஸ். நானா நிமிர்ந்து உட்கார்ந்து அடித்தார். மார்ஜரி எட்டிப் பார்த்தாள்.

"பஸந. யாருங்க அது, வசந்தாவோட தங்கச்சியா?"

"அல்லாவே! முந்தி புள்ளி இருந்த இடத்துல இப்ப 'ந' இருக்கு. சின்ன விரல் சொல்லுக் கேக்குதில்ல."

"அந்த விரலை மடக்கிக் கட்டுங்க" என்றாள் ஸைனம்பு.

"நாக்கை மடக்கிக் கட்ட ஏதும் வழி இருக்கா?"

"இருந்தா முப்பது வருஷத்துக்கு முந்தியே கட்டியிருப்பீங்களே!"

கொப்பி எடுக்க வந்து நின்ற ஆள் சிரித்துவிட்டார். அவருடைய அடையாள அட்டை மெஷினுக்குள்ளேயே கிடந்தது. ஸைனம்புவுக்கு அது ஞாபகத்தில் இல்லை.

பஸ் ஒரு வழியாகப் பஸ் ஆனது. கெபியில் சிக்கினார் நானா. பழைய முறையில் கொம்பை முதலில் போட்டுவிட்டுத்தான் 'க'வைப் போட வேண்டும். விரல் கொம்பைத் தேடி அலைந்தது.

"கொம்பைத் தேடாதீங்க. 'க'வை அடிச்சிட்டு 'எ'யை அடிச்சாப் போதும்னு நப்லான் சொன்னானே" என்றாள் ஸைனம்பு.

அடித்தார். 'கெ' என்று வந்து நின்றது.

"அடடே! இத்தன வருஷம் கொம்பை நான்தான் தூக்கி வெச்சேன். இப்ப அதுவா நடந்து வருது!"

"ரசிக்கிறதைப் பொறகு ரசிங்க நானா. மணி பதினொண்ணு முப்பத்தஞ்சு. அடுத்து எழுதுங்க, எங்க தோட்டம் வெள்ளைக்காரன் காலத்துல..."

"வெள்ளைக்காரன் வேணாம்."

"சரி, போன எலெக்‌ஷனுக்கு வந்தவரு கெபி முன்னால நின்னு சத்தியம் பண்ணாரு..."

"அவர் வந்தா பஸ்ஸும் வராது. எத்தன பிள்ளைங்க நடக்குறாங்க?"

"இருபத்து மூணு."

"எந்தப் பக்கமா?"

"அந்தப் பெரிய வளைவு. லொறி வர்ற வளைவு."

இருபத்துமூன்று பிள்ளைகள் திரையில் வளைவில் நடக்கத் தொடங்கிய போது மணி பதினொன்று நாற்பத்து நாலு.

"தங்கச்சி, இனி ஒரு வரி, மிஞ்சினா ரெண்டு. அதுக்குத்தான் எனக்கு விரல் இருக்கு. ஒங்கட மனசுல ஆகப் பெருசா இருக்கிறது எதுவோ, அதைச் சொல்லுங்க."

மார்ஜரி கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கினாள்.

"எங்க மகன் கிறிஷாந்தோட புத்தகப் பை லொறியில மாட்டிக்கிச்சு நானா. அவனையும் சேத்து இழுத்திச்சு. வார் அறுந்திச்சு, பை மட்டும் போச்சு. வார் பழசு. புதுசு வாங்கித் தரச் சொல்லி அதுக்கு மொத நாள்தான் அழுதான்."

மெஷின் சத்தம் நின்றது. ஸைனம்பு அதை நிறுத்தியிருந்தாள்.

"இது எப்ப?"

"பெப்ரவரியில."

"போன மாசம்தானே இங்க வந்து ரெண்டாவது கடிதம் அடிச்சீங்க? மூணு பக்கம். அதுல இது இல்லையே!"

"நீங்க சடசடன்னு அடிச்சீங்க. நானும் சடசடன்னு வந்ததை எல்லாம் சொன்னேன். இதைச் சொல்ல வாய் வரல."

நானா பிஸ்மி சொல்லிக் குனிந்தார். 'ல'வைத் தேடினார், 'லொ'வுக்குக் கொம்பைத் தேடவில்லை. சின்ன விரல் இரண்டு தடவை 'ந'வில் விழுந்தது, இரண்டு தடவையும் அழித்தார். மார்ஜரி அவசரப்படுத்தவே இல்லை. கடைசியில் அவளே மெல்லச் சொன்னாள்:

"இன்னொண்ணு போட ஏலுமா நானா? சின்னது."

"சொல்லுங்க."

அதையும் அடித்தார். பிறகு வாசித்துக் காட்டினார்:

"ஐயா,
காலை ஆறு இருபது பஸ் முன்பு போல அந்தோனியார் கெபிச் சந்தியில் நிற்க வேண்டும்.
நிற்காததால் இருபத்துமூன்று பிள்ளைகள் லொறி வரும் வளைவில் நடக்கிறார்கள்.
பெப்ரவரியில் என் மகனின் பையை லொறி இழுத்தது, வார் அறுந்ததால் பிள்ளை மிஞ்சினான்.
அடுத்த முறை வார் அறுமா என்று தெரியாது.
மார்ஜரி நோபர்ட்."

"இவ்வளவுதானா?" என்றாள் மார்ஜரி. "நாலு வரிக்கா இந்தப் பாடு?"

"அனுப்பட்டா, வேணாமா?"

"அனுப்புங்க, அனுப்புங்க!"

அனுப்பும் பொத்தானை அமத்தினார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மார்ஜரி சிலுவை போட்டுக்கொண்டாள், ஸைனம்பு துஆ கேட்டாள், கொப்பிக்கு நின்றவர் தன் அடையாள அட்டையை மறந்து அண்ணாந்து மணிக்கூட்டைப் பார்த்தார். பதினொன்று ஐம்பத்தேழுக்கு 'கிடைத்தது' என்று மூன்று மொழியில் வந்தது.

"மாஷா அல்லா!" என்று ஸைனம்பு மெஷினைத் திறந்தாள். "இதென்ன, யாரோட ஐடென்டிட்டி கார்ட் இது?"

மார்ஜரி மறுபடி கடைக்கு வந்தது ஆறு கிழமை கழித்து. வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வந்தாள்.

"நிக்குது நானா! திங்கள்ல இருந்து நிக்குது! கண்டக்டர் 'கெபிச் சந்தி, கெபிச் சந்தி'ன்னு கத்துறான், எங்க பெருசுங்க வேலை இல்லாமலே ஏறிப் போய்ப் பாத்துட்டு வருதுங்க!"

"கந்தோர்ல இருந்து ஆள் வந்திச்சா?"

"ஒரு மிஸ் வந்தாங்க. வளைவை நடந்தே பாத்தாங்க. பெட்டிக்குள்ள நூத்திச் சொச்சம் கடிதமாம், எல்லாம் பக்கம் பக்கமாம். ஒங்க கடிதத்தை மட்டும் மீட்டிங்ல எல்லாருக்கும் சத்தமா வாசிச்சோம்னாங்க. வாசிச்சு முடிச்சதும் வளைவைப் பாத்துட்டு வரச் சொல்லி அனுப்பினாங்களாம்."

நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அவங்களுக்கு ஒரு நன்றிக் கடிதம் போடணும் நானா. ஒக்காருங்க. மாட்சிமை பொருந்திய..."

முடிப்பதற்குள் மாட்சிமை பொருந்திவிட்டது. சின்ன விரல் ஒரு தடவைகூடத் தப்பி 'ந'வில் விழவில்லை. பத்து விரலும் மழை மாதிரிப் பெய்தன. "பெருமதிப்புக்குரிய அம்மணி அவர்களின் பாதம் பணிந்து, எங்கள் தோட்டம் வெள்ளைக்காரன் காலத்திலே..."

"நிப்பாட்டுங்க!" மார்ஜரி கீபோர்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். திரையில் ஏழெட்டு 'ந' ஓடியது.

"ஏன் தங்கச்சி, இப்ப நல்ல வேகமா வருதே?"

"அதான் பயமா இருக்கு. மெதுவா அடிங்க நானா. அன்னைக்கு மாதிரி."

ஸைனம்பு மெஷினுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "நப்லானைக் கூப்பிட்டு இதையும் கழட்டச் சொல்லட்டா?"

நானா சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் அழித்தார். ஒன்பது விரலை மடக்கிக்கொண்டு, ஆட்காட்டி விரலை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு மார்ஜரியைப் பார்த்தார்.

"சொல்லுங்க."

மார்ஜரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மிஸ், பஸ் நிக்குது. பிள்ளைங்க ஓடிப்போய் ஏறுதுங்க."

"பிறகு?"

"அவ்வளவுதான் நானா. அடிங்க."