முழுக்கையா, அரைக்கையா

டூப்பக்காவை இதுவரை நூற்றுப் பதினேழு முறை கொன்றிருக்கிறார்கள். மாடியிலிருந்து தள்ளி, காரை ஏற்றி, தண்ணீரில் அமுக்கி, ஒருமுறை தலைமுடியைப் பிடித்துக் கண்ணாடி அலமாரிக்குள் வீசி. முகம் கதாநாயகியுடையது. முதுகும் முழங்காலும் விலா எலும்பும் இவளுடையவை. நூற்றுப் பதினேழாவது சாவின்போது கீழே அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளில் ஒரு வரிசையை எவனோ வழிக்கு இடைஞ்சல் என்று நகர்த்தி வைத்திருந்தான். இரண்டாம் மாடியிலிருந்து வந்தவள் சிமென்டுத் தரையில் இறங்கினாள். இடுப்பெலும்பு பிளந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது, ஷாட் ஓகே என்றார்கள்.

பத்தொன்பது வருடத்தில் அவள் வாங்கிய அடிகளுக்குச் சத்தமே கிடையாது. அந்தத் தொழிலின் முதல் பாடம் அது. குத்துகிறவன் கை முகத்துக்கு நாலு விரல் முன்னால் நின்றுவிடும், வாங்குகிறவர் தலையைச் சரியான நொடியில் திருப்பிக்கொள்வார், 'பளார்' என்பதெல்லாம் பிற்பாடு ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ப்பது. படப்பிடிப்பில் அடிச் சத்தம் கேட்டால் யாருக்கோ நிஜமாகவே பட்டுவிட்டது என்று அர்த்தம். சண்டை மாஸ்டர் உடனே விசில் ஊதி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்.

இடுப்பில் கம்பி வைத்தபிறகு விழுகிற வேலைக்கு இனி அவள் ஆக மாட்டாள் என்று ஆனது. சலவைக்கடைக்கு மேலே ஒரு அறையைப் பிடித்தாள். ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரோடு உயரம் அளக்கிற கோடு, படம் எடுக்க ஒரு வெள்ளைத் துணி. வாசலில் 'குழந்தைகள், புதுமுகங்கள்: நடிகர் மேலாண்மை' என்று பலகை. எழுதியவர் 'குழந்தைகள்' என்பதை யானை அளவுக்கும் மீதியை எறும்பு அளவுக்கும் எழுதிவைத்ததில், முதல் வாரம் வந்த இரண்டு பெண்களும் தொட்டிலோடு வந்தார்கள். சாயங்காலம் வந்து பிள்ளையை எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். டூப்பக்கா தலையில் அடித்துக்கொண்டு பலகையை மாற்றினாள்.

ஆனால் அவள் விளையாட்டுக்கு வரவில்லை. வெயிலில் ஐந்து மணிநேரம் நிற்கவைத்து மயங்கி விழுந்த பிள்ளையை அவள் பார்த்திருக்கிறாள். 'ஒண்ணுக்கு வருது' என்று சொல்லப் பயந்து உடுப்பை நனைத்துக்கொண்டு அறை வாங்கிய பிள்ளையையும் பார்த்திருக்கிறாள். எனக்காகப் பேச ஆளில்லை, இதுகளுக்காக நான் பேசுவேன் என்பதுதான் அவள் எண்ணம். ஒப்பந்தத்தில் அவளே உட்கார்ந்து யோசித்து ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'பெற்றவர்களில் ஒருவர் எந்நேரமும் குழந்தையுடன் இருக்க வேண்டும்; குழந்தையைத் தனியே அழைத்துச் செல்லப் பெற்றவரைத் தவிர வேறு யாருக்கும் அனுமதி இல்லை.' அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் அவளுக்கே தன்மேல் ஒரு மரியாதை வரும். பாவி, அதைப் போய்ப் பெருமையாக நினைத்தாள்.

முதலில் வந்து கையெழுத்திட்டவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். எத்தனை பேர் எப்படித் திருப்பினாலும் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துவிட்டுச் சிரிக்கிற பொறுமைசாலி. வார்த்தைக்கு வார்த்தை மேடம். கூட வந்த மகளுக்கு ஏழு வயது, பட்டாணி என்று கூப்பிட்டார். பேருக்கேற்ற உருண்டை முகம். வெயில் கொளுத்துகிற நாளில் மணிக்கட்டுவரை மூடிய சட்டை போட்டிருந்தது.

டூப்பக்கா புதுப் பிள்ளைகளுக்காக அட்டை ஒன்று வைத்திருந்தாள். படம், உயரம், வயது, கடைசி வரியில் 'தனித்திறமை'. நீச்சல், நடனம், மிமிக்ரி என்று எழுதுகிற இடம்.

"இவளுக்கு என்ன எழுத?" என்றாள்.

"அழுவா மேடம். கிளிசரின் வேணாம், ஒண்ணும் வேணாம். சொன்னா அழுவா."

"சின்னப் பிள்ளைங்களுக்கு அதுதான் சார் வரவே வராது. பெரிய ஆளுங்களே முழிப்பாங்க."

"கொஞ்சம் கூச்சப்படுவா. ரெண்டு நிமிஷம் வெளிய கூட்டிட்டுப் போய் மூட் ஏத்திட்டு வர்றேன்."

சரியாக இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். பட்டாணி வெள்ளைத் துணிக்கு முன்னால் நின்றது. கண் நிறைந்தது, உதடு நடுங்கியது, ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கி மோவாயில் நின்றது. சத்தமே இல்லை. டூப்பக்கா படம் எடுக்கவும் மறந்தாள். கீழே சலவைக்கடையில் துணி சுழலும் இயந்திரம் அப்போது தடதடவென்று ஓடிக்கொண்டிருந்ததால், வராந்தாவில் நடந்த எதுவும் அவளுக்குக் கேட்டிருக்க முடியாது. இதை அவள் பிற்பாடு ஆயிரம் தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒருமுறைகூட ஆறுதலாக இல்லை.

அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'சொன்னவுடன் அழுவாள்.'

அந்த ஒரு வரி வேலை செய்தது. ஒன்பதாம் நாள் அழைப்பு வந்தது. வில்லன் ஆட்கள் தகப்பனை அடித்து இழுத்துப்போகும்போது நின்று அழுகிற மகள் வேடம். டூப்பக்கா விஷயத்தைச் சொன்னதும் பட்டாணி கேட்டது ஒரே கேள்வி.

"சட்டை முழுக்கையா, அரைக்கையா?"

டூப்பக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "அடேங்கப்பா! இப்பவே காஸ்ட்யூம் கேக்குறா பாருங்க சார். பெரிய நடிகைதான்!"

"முழுக்கைதான்டா கண்ணு" என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே.

படப்பிடிப்பு ஒரு காலிக் கிடங்கில் நடந்தது. தகரக் கூரை, எண்ணெய்க் கறை படிந்த தரை, மூலையில் துருப்பிடித்த பீப்பாய்கள். காலையிலிருந்தே அங்கே கொலைவெறிதான். ஒருவன் கம்பியால் அடிபட்டு மேசையோடு உடைந்து விழுந்தான், இன்னொருவனைச் சங்கிலியால் கழுத்தைச் சுற்றித் தரையில் இழுத்தார்கள், மூன்றாமவன் வாயிலிருந்து சிவப்புப் பாகு வழிந்தது. எல்லாம் ஊமைப்படம்போல. ஓயாமல் உறுமிய ஜெனரேட்டரைத் தவிர வேறு சத்தமில்லை. சண்டைக்காரர்கள் எல்லாரும் டூப்பக்காவின் பழைய ஆட்கள். சுற்றி வந்து நலம் விசாரித்தார்கள். சண்டை மாஸ்டர் தன் நாற்காலியையே கொடுத்தார்.

"மேனேஜர் ஆயிட்ட. இனிமே எங்களக் கண்டா தெரியுமா?"

"உன் விசிலக் கேட்டா இப்பவும் இடுப்பு வலிக்குது மாஸ்டர்."

பட்டாணி தரையில் தனக்குப் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டில் நின்று அழுதது. இயக்குநருக்குப் பிடித்தது. ஆனால் ஒருமுறை விளக்கு சரியில்லை, ஒருமுறை தகப்பன் வேடக்காரர் வசனம் மறந்தார், ஒருமுறை பீப்பாய் உருண்டு வந்து கேமராவை இடித்தது. ஒவ்வொரு முறையும் பிள்ளையின் கண்ணீர் காய்ந்துபோனது. ஒவ்வொரு முறையும் அப்பா எழுந்து, "ரெண்டு நிமிஷம் சார், மூட் ஏத்திட்டு வர்றேன்" என்று கூட்டிப்போனார். ஒப்பந்தப்படி யாரும் பின்னால் போகவில்லை. 'நல்ல தகப்பன்' என்று இயக்குநர் டூப்பக்காவிடம் சொல்லவும் சொன்னார்.

ஆறாவது முறை அவர்கள் போனபோது, ஜெனரேட்டரை எண்ணெய் ஊற்றுவதற்காக நிறுத்தினார்கள். கிடங்கு திடீரென்று அமைதியானது. அந்த அமைதியில் பீப்பாய்களுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

பட்.

டூப்பக்காவின் தலை தானாகத் திரும்பியது. மாஸ்டரின் தலையும் திரும்பியது. மற்ற எல்லாரும் வேலையில் இருந்தார்கள். அது மரம் விழுந்த சத்தமில்லை, தகரம் தட்டின சத்தமில்லை. தோலில் தோல் விழுகிற சத்தம். மறுபடி ஒருமுறை. கம்பி வைத்த இடுப்போடு ஓடினாள்.

அப்பா இடுப்பு வாரை இரண்டாக மடித்துக் கையில் பிடித்திருந்தார். முகத்தில் கோபமே இல்லை, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது எப்படி இருப்பாரோ அப்படி. பட்டாணி சுவரோடு நின்றது. யாரும் அதைப் பிடித்திருக்கவில்லை. அதுவே சட்டைக்கையைத் தோள்வரை மடித்து, கசங்காமல் சீராக மடித்து, மறுகையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு அடிக்கு வாகாகக் கையை நீட்டியிருந்தது. மணிக்கட்டுக்கு மேலே ஒரு விரல்கடை இடம்கூட அதன் சொந்த நிறத்தில் இல்லை. நீலம், பச்சை, மஞ்சள், அதன்மேல் புதுச் சிவப்பு. பல்லைக் கடித்திருந்தது. சத்தம் போட்டால் முதலிலிருந்து எண்ணுவார் என்று அதற்குத் தெரியும்.

முழுக்கையா, அரைக்கையா. அந்தக் கேள்வி இப்போதுதான் டூப்பக்காவுக்குப் புரிந்தது. அதற்குத் தான் விழுந்து விழுந்து சிரித்ததும் நினைவுக்கு வந்தது.

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "இதோ மேடம், ஆயிடுச்சு. இன்னும் ஒண்ணே ஒண்ணு."

வாழ்நாள் முழுக்க நாலு விரல் முன்னால் நின்ற அவள் கை அன்றைக்கு நிற்கவில்லை. மூக்கெலும்பு முறிகிற சத்தம் இரண்டு பேருக்குமே புதிது. அவர் பீப்பாயில் மோதி அதோடு சேர்ந்து உருண்டார். எழுந்து, வாரின் கொக்கிப் பக்கத்தை வீசினார். அது அவள் புருவத்தைக் கிழித்தது. இரண்டாவது வீச்சு கழுத்தில் விழுந்தது. அவள் வாரைக் கையில் சுற்றி இழுத்து, தலையால் அவர் வாயில் முட்டினாள். பல் ஒன்று தரையில் தெறித்தது. அவர் அவளுடைய கெட்ட இடுப்பைத் தேடிப் பார்த்து உதைத்தார். இருவரும் கட்டிப் புரண்டு பீப்பாய்களைத் தள்ளிக்கொண்டு மறைவைத் தாண்டி வெளியே வந்து விழுந்தார்கள்.

சண்டைக்காரர்கள் விசிலடித்தார்கள்!

"அக்கா ஃபார்முக்கு வந்துட்டாங்கடா!"

"ஒத்திகையா? ரத்தம் பாரு, என்ன மாதிரி செட் பண்ணியிருக்காங்க!"

கட்டி உருண்டு கொல்லுவதைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு நிஜத்தைப் பார்க்கத் தெரியவில்லை. டூப்பக்கா அவர் மார்பில் ஏறி உட்கார்ந்து குத்தினாள். ஒவ்வொரு குத்துக்கும் பட், பட் என்று கேட்டது. அவளுக்கு நிறுத்த மனமில்லை. அவர் முகத்தில் குத்துகிறாளா, அட்டையில் தான் எழுதிய வரியில் குத்துகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசியில் மாஸ்டரின் விசில் கிடங்கே அதிர ஒலித்தது. சுற்றி நின்றவர்களில் குத்துச் சத்தத்தைக் காதில் வாங்கியவர் அவர் ஒருவர்தான். ஓடிவந்து அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்.

"போதும். செத்துடுவான். போதும்."

அப்போதுதான் அவள் பார்த்தாள். பட்டாணி பீப்பாய்களுக்குப் பின்னால் இல்லை. மடித்த கையை இறக்கிவிட்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டு, தன் சாக்பீஸ் கோட்டில் போய் நின்றிருந்தது. அடிச் சத்தம் கேட்டால் அழ வேண்டும், அழுகை வந்தால் கோட்டுக்குப் போக வேண்டும். அது கற்றது அவ்வளவுதான். அன்றைக்கு இருபது குத்துச் சத்தம் கேட்டிருந்தது. கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

ஜெனரேட்டர் மீண்டும் உறுமி ஓடத் தொடங்கியிருந்தது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இயக்குநருக்கு மூலையில் நடந்தது பாதிதான் தெரியும். தெரிந்த பாதியும் அந்த முகத்தைப் பார்த்ததும் மறந்துபோனது. "ரோல்" என்றார் மெதுவாக. ஒரு நிமிடம் ஓடியது. "ஓகே!" என்று துள்ளி எழுந்தார். பலர் கைதட்டினார்கள்.

மாஸ்டர் போலீசுக்குச் சொன்னார். இரண்டு பேர் வந்தார்கள். மூக்கில் துணியை அழுத்திக்கொண்டு அந்த ஆள், "எம் பொண்ணு சார், நல்லா வரணும்னுதான்" என்று அப்போதும் பணிவாகவே சொன்னார். பிள்ளையின் கையைப் பார்த்த ஏட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அவரை வண்டியில் ஏற்றினார். குத்தியதற்காக டூப்பக்காவும் நிலையத்துக்கு வரவேண்டும், பிள்ளையின் அம்மா வேலையிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள், அதுவரை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

இயக்குநர் தயங்கித் தயங்கி வந்தார். "கொடுமைதான், நான் மறுக்கல. ஆனா இன்னும் ரெண்டு அழுகை சீன் பாக்கி இருக்கு அக்கா. அந்த ஆள் வேணாம். நீங்களே கூட இருந்து பண்ணிக் கொடுங்க."

"இவ வர மாட்டா."

"அட்டையில எழுதிக் கொடுத்தது நீங்கதானே? சொன்னா அழுவான்னு?"

அவள் அவர் கோப்பிலிருந்து அட்டையை உருவிச் சுக்குநூறாகக் கிழித்தாள். இனி இந்த ஊரில் யாரும் அவள் பலகையை நம்பிப் பிள்ளை கேட்க மாட்டார்கள், அது தெரிந்தே கிழித்தாள்.

உடை மாற்றுகிற அறையில் பட்டாணியின் கைக்கு மருந்து தடவினாள். பிள்ளையைத் தூக்கி வந்ததில் படத்துச் சட்டை முழுக்க அந்த ஆளின் ரத்தம் படிந்த அவள் விரல்தடங்கள். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, தன் பையிலிருந்து மாற்றுச் சட்டையை எடுத்து மாட்டிவிட்டாள். தொளதொளவென்று முட்டிவரை தொங்கியது. காயத்தில் துணி உரசாது. எவ்வளவோ நாளைக்குப் பிறகு அந்தக் கைகளில் காற்றுப் பட்டது.

"அந்த டைரக்டர் மாமா சொன்னாரு," என்றது பட்டாணி. "இனிமே நீங்கதான் என் கூட இருப்பீங்களாம்."

"உன்னைய யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க தங்கம். பயப்படாத."

பிள்ளை தலையாட்டியது. பெரியவர்கள் சொன்னதற்கெல்லாம் அது தலையாட்டும். குனிந்து தன் தோளைப் பார்த்தது. சட்டைக்கை முழங்கையோடேயே முடிந்திருந்ததை விரலால் தொட்டு உறுதிசெய்துகொண்டது.

"அரைக்கை" என்றது.

பிறகு, யாரும் சொல்லாமலே, மெல்லத் திரும்பி, சட்டையைப் பின்னால் தோள்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றது.