குரல் பதிவு: வேண்டுமா, வேண்டாமா

அந்த மன்றத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. திக்கிப் பேசுகிறவர்களுக்காக இணையத்தில் நடக்கும் மன்றம் அது. எந்தச் சொல் தொண்டையில் மாட்டினாலும் சுற்றி வளைத்து வேறொரு சொல்லைப் போட்டுத் தப்பிவிடலாம். சொந்தப் பெயருக்கு மட்டும் மாற்றுச் சொல் கிடையாது. பள்ளிக்கூட வருகைப் பதிவிலிருந்தே பெயரிடம் அடிவாங்கியவர்கள் அவர்கள். அதனால் பெயரை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு ஒரு பட்டப்பெயரோடு உள்ளே வருவார்கள். நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் 'சங்கிலி'. வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கும் இளம்பெண் 'குமாஸ்தா'. மன்றத்தை நடத்துகிறவள், மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண்ணாடிகளைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள், 'அக்கா'. சங்கிலி அவளைவிட முப்பது வயது மூத்தவர். அவருக்கும் அவள் அக்காதான்.

அக்காவுக்குத் திக்காது.

வாயைத் திறந்தால் கடகடவென்று கொட்டுவாள். ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பது போலக் கடை முதலாளி கையைத் திருகிக் காட்டுவார். ஆறு வருஷமாக இந்த விஷயத்தை மன்றத்தில் மூச்சுவிடாமல் மறைத்து வைத்திருந்தாள். நல்ல எண்ணத்தில் ஆரம்பித்த பொய்தான். அந்த வகைப் பொய்க்குத்தான் ஆயுள் கெட்டி.

திக்கியவன் அவளுடைய தம்பி. அவன் முதல் எழுத்தில் நின்றால் போதும், மிச்சத்தை அவள் சொல்லி முடித்துவிடுவாள். பாசம்தான், வேறென்ன. ஒருநாள் அவனுக்குத் தொலைபேசியில் ஒரு வேலை நேர்காணல். எதிர்முனையில் பெயரைக் கேட்டார்கள். அவன் உதடு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஐந்து விநாடி பொறுத்தாள். ஆறாவது விநாடி போனைப் பிடுங்கி அவன் பெயரைத் தானே சொல்லிவிட்டாள். வேலை கிடைக்கவில்லை. "என் பேரையாவது எனக்கு விட்டு வச்சிருக்கலாம்" என்று ஒரு காகிதத்தில் எழுதிச் சமையல் மேடையில் வைத்தான். அதற்குப் பிறகு அவளிடம் அவன் வாய் திறந்ததே இல்லை. வேறு ஊருக்குப் போனான், வேலையும் தேடிக்கொண்டான். 'சரி', 'நலம்', 'வரவில்லை' என்று குறுஞ்செய்தி மட்டும் வரும்.

அவனுக்குள் என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் மன்றத்துக்கு வந்தாள். சேரும் படிவத்தில் 'உங்களுக்குத் திக்குமா?' என்று ஒரு கேள்வி. 'இல்லை' என்றால் உள்ளே விடமாட்டார்கள். 'ஆம்' என்று தட்டினாள். ஒரு வாரம் படித்துவிட்டுக் கிளம்புவதாக உத்தேசம். ஆனால் தம்பி பட்டதையெல்லாம் தான் பட்டதாக எழுதிப் போட்டாள். நாற்பது பேர் ஆறுதல் சொல்ல ஓடிவந்தார்கள். அந்த ஆறுதல் அவளுக்கும் வேண்டியிருந்தது. அப்புறம் எங்கே கிளம்புவது? மன்றத்தைத் தொடங்கியவர் களைத்துப்போய் ஒதுங்கியபோது எல்லாரும் ஒருமனதாகப் பொறுப்பை அவள் தலையில் கட்டினார்கள்.

இப்போது மன்றம் புதிய மென்பொருளுக்கு மாற வேண்டியிருந்தது. பழையதை நடத்திய நிறுவனம் மாதக் கடைசியோடு கடையைக் கட்டுகிறது. புதியதில் 'வசதிகள்' என்று ஒரு பக்கம். அதில் இருபத்து மூன்று பொத்தான்கள். எதைத் திறப்பது, எதை மூடுவது என்று முடிவு செய்ய மூன்று பேர் குழு: அக்கா, சங்கிலி, குமாஸ்தா. மூவரும் ஒத்துக்கொண்டால்தான் எதையும் திறப்பது என்று முதல் நாளே பேசி வைத்துக்கொண்டார்கள்.

இருபத்திரண்டு பொத்தான்கள் மூன்று நாளில் முடிந்தன. ஒருவர் தட்டச்சு செய்யும்போது 'எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று மற்றவர்களுக்குக் காட்டும் வசதியை ஒரே நிமிஷத்தில் மூடினார்கள். நம் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களிடமிருந்து தப்பித்துத்தானே இங்கே வந்தோம் என்று எழுதினாள் குமாஸ்தா. விருப்பக்குறி வேண்டாம், ஒருத்தர் முப்பது வாங்கி இன்னொருத்தர் சைபர் வாங்க இது என்ன பரீட்சையா என்றார் சங்கிலி. அவர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சொல்ல வந்ததைச் சொல்லி முடித்ததும் 'அவ்வளவுதான்' என்று போடுவார்கள். அது வரும்வரை யாரும் குறுக்கே பதில் போடமாட்டார்கள். அந்தச் சொல் வரும்வரை பதில் பெட்டியைப் பூட்டியே வைக்கப் புதிய மென்பொருளில் வழி இருந்தது. அதைக் கண்டுபிடித்துவிட்டு குமாஸ்தா ஒரு நாள் முழுக்கச் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் இருந்தாள்.

இருபத்து மூன்றாவது, குரல் பதிவும், எல்லாரும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் பேச்சறையும்.

அக்கா அதை மூடியே வைத்திருந்தாள். காரணம் கேட்டபோது, இடத்தை அடைத்துக்கொள்ளும் என்றாள். இடம் தாராளமாக இருக்கிறது என்று தெரிந்ததும், யாராவது குரலைப் பதிவு செய்து வெளியே பரப்பிக் கேலி செய்வார்கள் என்றாள். குமாஸ்தாவுக்குக் கல்லூரியில் அப்படித்தான் நடந்தது. அவள் திக்கித் திணறி ஒரு கட்டுரையை வாசித்ததை யாரோ பதிவு செய்து, அதற்குத் தாளம் சேர்த்து ஊரெல்லாம் ஓடவிட்டார்கள். அதை அவள் தனிச்செய்தியில் அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று இப்போது கண்ணை மூடிக்கொண்டு அக்கா பக்கம் நின்றாள். அக்காவுக்குச் சுருக்கென்றது. பேச்சறை திறந்தால் என்றைக்காவது தானும் பேச வேண்டும், பேசிய மறு விநாடி குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதுதான் உண்மையான காரணம். மற்றதெல்லாம் சப்பைக்கட்டு.

சங்கிலி விடவில்லை. தனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று எழுதினார். படிக்கிற வரிக்கு நடுவில் ஓட்டை விழுந்தது போல இருக்கிறதாம். ஓரம் தெரிகிறது, நடு தெரியவில்லையாம். அந்த நாலு வரியில் எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தன. நடுவில் ஓட்டை என்று சொல்லிக்கொண்டு கடைக்கு வருகிறவர்களை அக்கா பார்த்திருக்கிறாள். எந்தப் பவர் கண்ணாடி போட்டாலும் அந்த ஓட்டை மூடாது.

பேசினால் தானே எழுதிக்கொள்ளும் வசதிதான் போனில் இருக்கிறதே என்று கேட்டாள் குமாஸ்தா. சங்கிலி அதையும் பார்த்துவிட்டார். அவர் ஒரு சொல்லில் நின்றால் போன் இரண்டு விநாடி பொறுத்துவிட்டு, பேச்சு முடிந்ததென்று மூடிக்கொள்கிறது. "மெஷினும் மனுஷங்க மாதிரிதான் இருக்கு" என்று எழுதியிருந்தார். மற்றவர்கள் எழுதியதைப் போன் படித்துச் சொல்லிவிடும். தான் சொல்வதற்குத்தான் வழியில்லை. குரலை அப்படியே பதிவாகப் போட முடிந்தால் மன்றத்தில் இருப்பார். முடியாவிட்டால் இந்த மாதத்தோடு சரி. அவர் தனிக்கட்டை. அந்த வீட்டில் பேச்சுத்துணைக்கு இருப்பது இந்த மன்றம் மட்டும்தான்.

முடிவு செய்யும் முன் பேச்சறையை மூவருக்கு மட்டும் திறந்து ஒரே ஒரு தடவை பேசிப் பார்ப்போம் என்று கேட்டார். குமாஸ்தா பயந்துகொண்டே சம்மதித்தாள். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள் என்று அக்காவும் சம்மதித்துத் தொலைத்தாள்.

விடுமுறை நாள் காலை பதினொரு மணிக்குப் பேச்சு. வீட்டில் என்றால் அம்மா எட்டிப் பார்ப்பாள் என்று கடைச் சாவியை வாங்கி வந்து, ஷட்டரை உள்ளிருந்து இறக்கிவிட்டுப் பின்னறையில் உட்கார்ந்தாள். தேய்க்கும் இயந்திரத்தை ஒட்டி, பெயர்ச்சீட்டு ஒட்டிய தட்டுகளில் அரைகுறை வேலையோடு கண்ணாடிகள் கிடந்தன. அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. திக்குவது போல நடிப்பது. ஆறு வருஷம் படித்ததில் எல்லா ரகமும் அத்துப்படி. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு இரண்டு நாள் ஒத்திகைகூடப் பார்த்தாயிற்று. நினைத்தால் வெட்கமாக இருந்தது, ஆனாலும் பார்த்தாள். திக்கித் திக்கி 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். குமாஸ்தாவும் மறுபடி தன் பக்கம் சாய்ந்துவிடுவாள். சங்கிலிக்கு வேறு வழி ஏதாவது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் சங்கிலி பேசினார். தடித்த, கரகரத்த குரல். குரல் கேட்கிறதா என்ற ஒரு கேள்வியைக் கேட்டு முடிக்க அவருக்கு அரை நிமிஷம் ஆனது. ஒவ்வொரு சொல்லையும் பாறையை நெம்புவது போல நெம்பித் தள்ளினார். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் சொல்ல வந்த சொல் அவளுக்கு முன்பே தெரிந்துவிடும். சொல்லிவிடு சொல்லிவிடு என்று வாய் அரித்தது. அவர் எழுத்தில் சொன்னதையே மறுபடி சொல்லிவிட்டு, "அவ்வளவுதான்" என்றார். அது மட்டும் தடுக்காமல் வந்தது.

அடுத்து குமாஸ்தா. ஓர் எழுத்தில் நாற்பது விநாடி நின்றாள். திரையின் மூலையில் ஓடும் கடிகாரத்தில் அக்கா பார்த்தாள். யாரும் இருமக்கூட இல்லை. சொல் வந்ததும் அதன் பின்னாலேயே சிரிப்பும் வந்தது. வீட்டுக்கு வெளியே இவ்வளவு நேரம் பேசியதே இல்லை என்றாள். பயம் போய்விட்டது, தனக்குச் சம்மதம், அக்காவும் சரி என்றால் இன்றைக்கே திறந்துவிடலாம் என்றாள். அவ்வளவுதான்.

ஆக எல்லாம் அக்காவின் வாயில் வந்து நின்றது.

ஒலிவாங்கியை அழுத்தினாள். "எ… எ…" என்று ஆரம்பித்து, ஒத்திகை பார்த்தபடியே நின்றாள். பத்து விநாடி நிற்பதாகக் கணக்கு. எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. மெதுவாச் சொல்லுங்க என்று யாரும் சொல்லவில்லை. சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை. சங்கிலியின் வீட்டு மின்விசிறி கிறீச்சிடுவது கேட்டது. பத்து விநாடி போய்ப் பதினைந்து ஆனது. அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் அரை மணி நேரம் ஆனாலும், இல்லாத திக்கலுக்காக அந்த இரண்டு பேரும் அப்படியே காத்திருப்பார்கள். தம்பிக்கு அவள் கொடுத்தது ஐந்து விநாடி. அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எனக்குத் திக்காது," என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி, தொலைபேசி, படிவத்தில் தட்டிய 'ஆம்', இடம் அடைக்கும் என்ற புளுகு, குளியலறை ஒத்திகை வரைக்கும். நாலு நிமிஷம், ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. தன் பேச்சு இப்படி வழுக்கிக்கொண்டு ஓடுவது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. சொல்லி முடித்த பிறகும் அந்தப் பக்கம் மௌனம். அப்புறம்தான் உறைத்தது. இன்னும் அவள் முடிப்பதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அவ்வளவுதான்," என்றாள்.

குமாஸ்தாதான் முதலில் பேசினாள். நின்று நின்று வந்தது. கோபத்தில் இன்னும் அதிகமாகத் தடுத்தது. "காலேஜ்ல நடந்ததை உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். உங்களுக்குப் புரியும்னு நினைச்சேன்." பெருமூச்சு. "இப்ப கொஞ்ச நேரம் முன்னாடி… அதுவும் நடிப்பா?"

"ஆமா."

"ந… நல்லா பண்ணீங்க. நான் நம்பிட்டேன்."

கல்லூரியில் அந்தப் பதிவை ஓடவிட்டவர்களாவது வெளிப்படையாகச் சிரித்தார்கள்; இவள் கூட இருந்தே நடித்திருக்கிறாள். அக்காவுக்குத் தலை நிமிரவில்லை.

அடுத்து சங்கிலி பேசினார். இவள் பொய் சொன்னது சொன்னதுதான். ஆனால் இத்தனை வருஷம் எத்தனையோ பேரைத் தூக்கி நிறுத்தியதும் இவள்தான், இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். கூடாது என்றாள் குமாஸ்தா. மறுபடி சங்கிலி, மறுபடி குமாஸ்தா. ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒருவருக்காக ஒருவர் பொறுத்திருந்து, குறுக்கிடாமல், முழுசாகச் சண்டை போட்டார்கள். அக்கா தன் வாழ்நாளில் அப்படி ஒரு சண்டையைக் கேட்டதில்லை. கடைசியில் இரண்டு பேரும் இரண்டு பக்கமாக நின்றுவிட்டு, நீங்களே சொல்லுங்கள் என்று அவளிடம் விட்டார்கள்.

"குமாஸ்தா சொல்றதுதான் சரி," என்றாள் அக்கா. குரல் உடைந்தது.

அப்படியென்றால் இவள் மன்றத்தை விட்டே போய்விடப் போகிறாளா என்று சங்கிலி கேட்டார். அதற்கு குமாஸ்தா சொன்ன பதில் வந்து சேர ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது.

"வெளிய போக வேண்டாம். வா… வாயை மட்டும் மூடிக்கட்டும்."

செய்ய வேண்டியதை அக்காதான் செய்தாள். பொத்தான்களை மாற்றும் அனுமதி அவளுக்கு மட்டும்தான் இருந்தது. இருபத்து மூன்றாவது பொத்தானை எல்லாருக்கும் திறந்தாள். மன்றத்தின் பொறுப்பை குமாஸ்தாவின் கணக்குக்கு மாற்றினாள். உறுப்பினர் பட்டியலில் தன் வரிசைக்குப் போய், 'எழுதலாம்' என்பதை மூடினாள். 'பேசலாம்' என்பதில் விரல் கொஞ்சம் நின்றது. அதையும் மூடினாள். 'கேட்கலாம்' மட்டும் பச்சையாக இருந்தது. ஒலிவாங்கிப் படம் சாம்பல் நிறமானது.

அந்தப் பக்கம் இருவரும் மாத முடிவுக்குள் எல்லாரையும் எப்படிக் குரலுக்குப் பழக்குவது என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். நடுவில் குமாஸ்தா நிறுத்தினாள்.

"அக்கா," என்றாள். பழக்கத்தில் வந்துவிட்டதோ, வேண்டுமென்றே சொன்னாளோ. "கே… கேக்குதா?"

கேட்கிறது என்று சொல்ல அக்காவின் வாய் தானாகத் திறந்தது. சொல்லியும் விட்டாள். பூட்டிய கடைக்குள் அது அவளுக்கு மட்டும் கேட்டது.

"பதில் வேண்டாம்," என்றாள் குமாஸ்தா. "நா… நாங்க பேசுறோம். நீங்க இருங்க."

சங்கிலி தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ சொல்லத் தொடங்கி, முதல் சொல்லிலேயே நின்றார். என்ன சொல் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அவர் அதைச் சொல்லும்வரை உட்கார்ந்திருந்தாள்.