நாக்குக்குத் தெரியாத வெல்லம்

நாங்கள் கஞ்சி காய்ச்சும் அடுப்பிலேயே கம்பவுண்டர் சாலமோன் ஊசியைக் கொதிக்க வைத்தான். நெம்மேலிப் பக்கம் சைக்கிளில் வந்து வீடு வீடாக ஊசி போடுகிறவன். என் பெண்சாதி பூவாயிக்குச் சர்க்கரை வியாதி என்று செங்கல்பட்டில் சொல்லி, மருந்து கொடுத்திருந்தார்கள். எனக்கு அந்தச் சீசா மேலும் நம்பிக்கையில்லை, சாலமோன் மேலும் இல்லை.

"ஊசி போட்டதும் அம்மா துண்ணணும் நைனா. வேர்த்து, கை நடுங்குச்சுன்னா வெல்லத்த வாயில போடு."

"வெல்லமே ஆவாதுன்னவன் நீதான். இப்ப போடச் சொல்றதும் நீதான். இன்னா நாயம் இது?"

அவன் சிரித்துக்கொண்டே அவளுக்கு ஊசியைப் போட்டுவிட்டு, சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு போனான்.

பூவாயிக்கு ஒரே பயம், கால். அவள் அக்காவுக்கு இதே வியாதியில் விரல் கறுத்து, முழங்கால் வரைக்கும் எடுத்தார்கள். அதனால் ஊசி போதாதென்று வேலியோரத்துச் சிறுகுறிஞ்சான் இலையையும் மென்றுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் காசியம்மாள் சொன்ன வைத்தியம். மென்றால் பசி அடங்குமாம். சர்க்கரையை அள்ளிப் போட்டாலும் மண்ணாகத்தான் இருக்குமாம். அதையும் நான் நம்பவில்லை. சாலமோனிடம் சொல்லவும் இல்லை.

கஞ்சி ஆறி ஆடை கட்டியது. பசியே இல்லை என்றாள். நான் வாசலில் வலையின் கிழிசலைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தபோது பாயில் சாய்ந்து கிடந்தாள். கழுத்தெல்லாம் வேர்வை. கை உதறியது. பானைக்குப் பின்னால் அவளே ஒளித்துவைத்திருந்த வெல்லத்தை உடைத்து வாயில் போட்டேன். துப்பினாள்.

"மண்ண ஏன்யா போடுற?"

"வெல்லம்டி."

நானும் ஒரு துண்டைப் போட்டுக் காட்டினேன். எனக்கு இனித்தது. அவள் துப்பியதில் பச்சையாக இலைச் சக்கை ஒட்டியிருந்தது. அப்போதுதான் காசியம்மாள் பேச்சு உறைத்தது. ருசி தெரியாவிட்டால் என்ன, உள்ளே போனால் போதும். தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்தேன்.

"ருசி பாக்காத. என்னை நம்பி முழுங்கு பூவாயி."

"மண்ணத் துண்ண வச்சுக் கொல்லப் பாக்குற."

பல்லைக் கடித்துக்கொண்டாள். எவனையும் நம்பாதே என்று கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குச் சொல்லிவந்தவன் நான்.

சத்தம் கேட்டு வந்த காசியம்மாள், சாலமோனைக் கூப்பிட ரோட்டுப் பக்கம் ஓடினாள். நான் பூவாயியின் தலையை மடியில் வைத்து, மூடிய உதட்டில் வெல்லத் தண்ணீரைத் தடவினேன். கடைவாயில் வழிந்து கழுத்தில் இறங்கியது. பாயில் கிடந்த வெல்லத்துக்கு எறும்புகள் வரத் தொடங்கியிருந்தன. ஒன்று அவள் தாடையில் ஏறி, உதட்டோரம் போய் நின்றது.