கொடி நிறையப் பிள்ளைத் துணி

குடிபோகிற தெரு நல்லதா கெட்டதா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை வைத்துப் பார்ப்பார்கள். சிலர் குழாயில் ஒரு வாய் தண்ணீர் பிடித்துக் குடித்துப் பார்ப்பார்கள். சிலர் பக்கத்து வீட்டு நாயின் குணத்தை விசாரிப்பார்கள். நான் சொல்லப்போகிற தையல்காரி துணிக்கொடியைப் பார்ப்பாள். கொடியில் காய்வதைப் பார்த்தே அந்த வீட்டில் யார் வேலைக்குப் போகிறார்கள், யார் படுக்கையில் கிடக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள்.

அவள் கணவனுக்குத் துறைமுகத்து ஐஸ் ஆலையில் மெஷின் பார்க்கிற வேலை கிடைத்திருந்தது. கடலோரமாக, குடும்பம் குடித்தனம் உள்ள தெருவாக ஒரு வீடு வேண்டும். ஒரே மகள், வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். இதுவரை இருந்தது கிடங்குகள் நிறைந்த தெரு. விளையாடத் துணை இல்லாமல் அந்தப் பெண் கத்தரிக்கோலுக்கும் நூல்கண்டுக்கும் பெயர் வைத்து அதுகளோடு பேசிக்கொண்டிருந்தாள். பெற்றவளுக்கு அது பொறுக்காது. நாலு பிள்ளைகளோடு புழுதியில் புரண்டு சட்டையைக் கிழித்துக்கொண்டு வரட்டும், நான் தைத்துக் கொள்கிறேன் என்பாள்.

அப்படித்தான் ஒரு விடுமுறை நாள் மத்தியானம் மூவரும் அந்தத் தெருவுக்குள் நுழைந்தார்கள். தெருக்கோடியில் கடல். இரண்டு பக்கமும் தாழ்ந்த சுவர் வைத்த வீடுகள். எல்லா வீட்டுக் கொடியிலும் பிள்ளைத் துணி. கவுன், அரைக்கால் சட்டை, பள்ளிச் சீருடை, பூனை படம் போட்ட பனியன். கடற்காற்றில் எல்லாம் உப்பிக்கொண்டு ஆடின. தையல்காரிக்கு மனசு நிறைந்துவிட்டது. கணவன் சிரித்தான்.

"நீ வீடு பார்க்க வந்தியா, துணி பார்க்க வந்தியா?"

"பார்த்தாச்சு. இந்தத் தெருதான்," என்றாள்.

பிள்ளைகள் எங்கே என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. வெயில் நேரம், உள்ளே தூங்கும் என்று தானே நினைத்துக்கொண்டாள். காலியாக இருந்த வீட்டைத் திறந்து காட்டியது எதிர்வீட்டு அக்கா. பிள்ளை உள்ளவர்களுக்கு மட்டும்தான் விடுவோம் என்று தெருவே சேர்ந்து பேசி வைத்திருக்கிறதாம். வாடகையையும் கேட்காமலே குறைத்தார்கள். பிள்ளை என்றாலே வீடு தர யோசிக்கிற காலத்தில் இப்படி ஒரு தெருவா என்று கணவனுக்கு ஆச்சரியம். சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்கு ஏறினான்.

அக்கா வாலுவுக்குத் தின்னக் கொடுத்தாள், தலை வாரிவிட்டாள். தையல்காரி என்று தெரிந்ததும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். தன் வீட்டுக் கொடிக்குப் போய் ஒரு நீலக் கவுனை எடுத்து வந்து, கீழ் மடிப்பைக் கொஞ்சம் இறக்கித் தர முடியுமா என்று கேட்டாள்.

தையல்காரி கவுனைக் கையில் வாங்கிப் புரட்டினாள். புரட்டிய கை அப்படியே நின்றது. ஏற்கெனவே இரண்டு முறை மடிப்பு இறக்கிய கோடுகள் இருந்தன. சரி, வளர்ந்த பிள்ளை. ஆனால் அக்குளில் வியர்வைக் கறை இல்லை. உட்கார்கிற இடத்தில் துணி தேயவில்லை. ஒரு பொத்தான் கூடத் தளரவில்லை. வெயிலில் வெளுத்திருந்ததே தவிர, அந்தக் கவுனுக்குள் எந்தப் பிள்ளையும் ஒரு நாளும் ஓடியதில்லை. சுவருக்கு மேலாக மற்றக் கொடிகளைப் பார்த்தாள். கால்சட்டைகளில் ஒன்றிலாவது முழங்கால் தேய்ந்திருக்க வேண்டுமே. இல்லை.

"அக்கா, உங்க பொண்ணு எங்க?"

அக்கா கடல் பக்கம் கையைக் காட்டினாள். கடைக்குப் போயிருக்கிறாள் என்பதுபோல் சாதாரணமாகக் காட்டினாள். சில வருஷத்துக்கு முன்னால் உல்லாசப் பயணம் என்று தெருப் பிள்ளைகள் எல்லாம் ஒரே படகில் போனதை, ஒருவரும் திரும்பாததை, அழாமல் சொன்னாள். பிள்ளை மிஞ்சியவர்கள் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டார்கள். இழந்தவர்கள் மட்டும் இருந்தார்கள்.

"அதுங்க திரும்பி வந்தா வீடு பூட்டிக் கிடக்கக் கூடாதில்ல. வரும்போது பழைய சட்டை பத்தாதே. அதான் புதுசா எடுத்து வெச்சு, வருஷா வருஷம் மடிப்பு இறக்கிக்கிட்டே வர்றோம். முன்னாடி இங்க குடியிருந்தவங்க பொண்ணு மேலதான் வெச்சு அளவு பார்ப்போம். தங்கமான பொண்ணு. கடைசியில எங்க மிளகு பேரைச் சொன்னாக்கூட ஓடி வரும். என்னமோ, அவங்க ராத்திரியோட ராத்திரியா போயிட்டாங்க."

மிளகு என்பது அக்கா மகளின் செல்லப் பெயர். தையல்காரி கையிலிருந்து கவுனை வாங்கி, அக்கா வாலுவை முக்காலியில் ஏற்றி மாட்டிவிட்டாள். மடிப்பில் குண்டூசி குத்திக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"மிளகு, திரும்புடி."

வாலு திரும்பினாள். "ம்ம், அம்மா," என்றாள். அவள் பார்த்தது பெற்றவளை அல்ல.

வாசலில் நிழல் விழுந்தது. தெருவில் உள்ள தாய்மார்கள் எல்லாரும் வந்து நின்றிருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் மடித்த துணி ஒன்று. ஒரு சட்டை, ஒரு சீருடை, பூனை படம் போட்ட அந்தப் பனியன். தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள்.

தையல்காரி ஒரே எட்டில் மகளைத் தூக்கினாள். குண்டூசி கையைக் கிழித்தது தெரியாமல் கவுனைக் கழற்றினாள். வாலு, வாலு என்று காதுக்குள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தப் பிள்ளை, "கேக்குதும்மா, ஏன் கத்துற?" என்றது. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

மாடியிலிருந்து இறங்கிய கணவனிடம் சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். அவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, பாவப்பட்ட சனம்தானே, நம்மை என்ன செய்துவிடும் என்றான்.

"பாவம்தாங்க. அதான் பயமா இருக்கு. கெட்டவங்களா இருந்தா சண்டை போட்டுக்கிட்டாவது இருந்திருப்பேன். இவங்க கேட்டா என்னால இல்லைன்னு சொல்ல முடியாது. நம்ம பொண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துக்கிட்டே இருப்பேன்."

அவன் சாவியைச் சுவர்மேல் வைத்தான். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். தையல்காரி பின்னாலேயே போயிருக்கலாம். ஆனால் அந்தத் தாய்மார்கள் அவளைத் தடுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. துணியை மார்போடு அணைத்துக்கொண்டு வழி விட்டு ஒதுங்கினார்கள். அந்த ஒதுங்கலைத்தான் அவளால் தாண்ட முடியவில்லை. பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தாள்.

"என் பொண்ணு மேல வேண்டாம்க்கா. உங்க புள்ள இப்ப எவ்வளவு உயரம் இருக்கும்னு நீங்களே கையை வெச்சுக் காட்டுங்க. நான் அளந்து தைச்சு அனுப்புறேன்."

அக்கா யோசிக்கவே இல்லை. ஒரு தலையை வருடுகிற மாதிரி, தன் நெஞ்சுக்குச் சற்றுக் கீழே காற்றில் உள்ளங்கையை வைத்தாள்.

தையல்காரி அந்தக் கைக்குக் கீழே டேப்பைத் தொங்கவிட்டாள். காற்று பலமாக இருந்தது. கொடிகள் எல்லாம் படபடத்தன, அவள் முந்தானை தோளில் நிற்கவில்லை. டேப் மட்டும் ஆடவில்லை. கீழ் நுனியை யாரோ காலால் மிதித்துக்கொண்டு நிற்பதுபோல், தரையோடு விறைத்து நின்றது. இருந்தாலும் அவள் கையை எடுக்கவில்லை. குனிந்து, அந்த வெற்றிடத்தை ஒட்டி, எந்தப் பிள்ளைக்கும் அளவெடுக்கும்போது சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

"ஆடாம நில்லு கண்ணு. முடிஞ்சுது."