விடு, விடுங்க

பாழடைந்த அந்தப் பங்களாவின் மாடிக்கு ஏற வேண்டாம் என்று என் மனைவி சொன்னாள். நான் ஏறினேன். "பலகையெல்லாம் உளுத்துப் போயிருக்குங்க" என்றபடி பின்னாலேயே வந்தாள். "சும்மா பயந்து சாகாத" என்றேன்.

எங்கள் வீட்டில் நிம்மதியாகச் சண்டை போட முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காது கொடுப்பார். அதனால்தான் ஆள் நடமாட்டமே இல்லாத காட்டுக்குள், இந்த எஸ்டேட்டுக்கு அழைத்து வந்தேன். யாரோ பெரும்பணக்காரர் ஆண்டு அனுபவித்த இடம். இப்போது கூரை பாதி சரிந்து கிடக்கிறது. சாப்பாட்டு அறைக்குள் ஒரு மரம் வளர்ந்து, ஜன்னல் வழியாகக் கிளையை வெளியே நீட்டியிருக்கிறது. காரில் வரும்போதே அவள் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போகிறாள். திரும்பி வருவதாக இல்லை.

"ஏன்னு சொல்லிட்டுப் போ" என்றேன், மாடியில் வைத்து.

"சைட்ல என் பேச்சுக்குத்தான் உங்க கை அசையுது. வீட்டுல நான் சொன்னது ஒண்ணாவது உங்க காதுல ஏறியிருக்கா?"

உண்மைதான். ஆனாலும் சுருக்கென்றது. நான் கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறேன். கொக்கியில் தொங்கும் சுமை எங்கே இறங்குகிறது என்று என் இருக்கையிலிருந்து தெரியாது. கீழே நின்று பார்த்து, வாக்கி டாக்கியில் எனக்குச் சொல்பவள் அவள்தான். அங்கே மரியாதைக்கெல்லாம் நேரம் கிடையாது. "விடு" என்றால் கயிற்றை மெல்ல இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும், "நில்லு" என்றால் நிறுத்த வேண்டும். அப்படி அதட்டுகிறவள் வீட்டுக்கு வந்ததும் "விடுங்க" என்பாள். அதற்கு, போதும், ஆளை விடுங்க என்று அர்த்தம்.

நான் வாயெடுப்பதற்குள் அவள் காலடியில் பலகை முறிந்தது. பாய்ந்து விழுந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். ஆள் முழுக்க ஓட்டைக்குள் போய்விட்டாள். குப்புறக் கிடந்த எனக்கு அவள் விரல்கள் மட்டும்தான் தெரிந்தன. இழுத்தேன். என் நெஞ்சுக்கடியில் பலகை முனகியது.

"இழுக்காதீங்க! விடுங்க!"

இப்படிக்கூடவா ஒருத்தி புருஷனை விட்டுப் போக நினைப்பாள்? "மாட்டேன்டி" என்று இன்னும் இறுக்கினேன். பலகை மேலும் தாழ்ந்தது.

"ஐயோ, விடுங்கங்கறேன்! சொன்னா கேளுங்களேன்!"

"செத்தாலும் விடமாட்டேன்!"

கீழேயிருந்து, சைட்டில் சுமை காற்றில் ஆடும்போது வருமே, அந்தக் கறாரான குரல் வந்தது.

"விடு."

என் கை யோசிக்கவில்லை. முழங்கையை நீட்டி, தோளையும் ஓட்டைக்குள் இறக்கினேன்.

"விடு... மெதுவா... இன்னும் விடு... நில்லு."

அவள் பாரம் என் கையைவிட்டுப் போனது. கால் எதன்மேலோ ஊன்றியிருக்க வேண்டும். படிக்கட்டோ, பழைய அலமாரியோ, அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. விரல்களை மெல்ல உருவிக்கொண்டாள்.

"அங்கயே நில்லு, நான் வர்றேன்" என்று வாய்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கீழே சருகுகள் நொறுங்கின. ஒரு கதவு கிறீச்சிட்டது, பிறகு அதுவும் ஓய்ந்தது. நான் அந்தப் பலகைமேல் அசையாமல், வெறுங்கையை இருட்டுக்குள் தொங்கவிட்டபடி, அவள் ஏதாவது சொல்வாள் என்று கேட்டுக்கொண்டு கிடந்தேன்.